டென்ட் லேபிளில் இருக்கும் பழைய தீ

போன மாசம் அக்கா போன் பண்ணினாள். "டேய், ஏலகிரியில ரெண்டு நாள் கேம்ப் போறோம், பாப்பாவும் வர்றா. ஆன்லைன்ல ஒரு டென்ட் பார்த்து வெச்சிருக்கேன், சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்லு." பாப்பாவுக்கு ரெண்டு வயசு. கையில எது கிடைச்சாலும் அது வாய்க்குத்தான் போகும்.

லிங்க்கை ஓபன் பண்ணினேன். எடை, மழை தாங்குமா, எத்தனை பேர் படுக்கலாம், எல்லாம் ஓகே. கடைசியில ஒரு வரி இருந்தது: சி.பி.ஏ.ஐ-84 என்ற தீ தடுப்பு ஸ்டாண்டர்டுக்கு ஏற்ற துணி. "அது நல்லதுதானே?" என்று கேட்டாள். ஆமான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துடுச்சு. ஆனா அந்த நம்பர் எங்கிருந்து வந்ததுன்னு எனக்கே தெரியல. தேடிப் பார்த்த கதைதான் இன்னைக்கு எபிசோட்.

முதல்ல 1944-க்குப் போவோம். ஜூலை 6, அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரம். ரிங்லிங் பிரதர்ஸ் சர்க்கஸின் மதியக் காட்சி. உள்ளே சுமார் 7,000 பேர். உலகப் போர் நேரம், அதனால் வந்தவர்களில் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூடாரத் துணி மழையில் நனையாமல் இருக்க, பாரஃபின் மெழுகைப் பெட்ரோலில் கரைத்துப் பூசியிருந்தார்கள். நல்ல வாட்டர்ப்ரூஃப். ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, மெழுகு ஊறிய பருத்தித் துணிக்கு இன்னொரு பேர் என்ன? திரி. தீ எப்படி ஆரம்பிச்சதுன்னு இன்னைக்கு வரைக்கும் உறுதியாகல. சில நிமிஷங்களில் மொத்தக் கூடாரமும் விழுந்தது. குறைந்தது 167 பேர் இறந்தார்கள்.

இதுக்கும் ஃபேமிலி கேம்பிங்குக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் காலத்துல குடும்பங்கள் எடுத்துட்டுப் போன டென்ட்டிலும் மெழுகு பூசிய கான்வாஸ் நிறைய. உள்ளே வெளிச்சத்துக்கு மெழுகுவர்த்தி, மண்ணெண்ணெய் விளக்கு. பக்கத்திலேயே அடுப்பு. ஆபத்து கற்பனை இல்ல. 1970-களில் அமெரிக்கக் கான்வாஸ் தயாரிப்பாளர்களின் சங்கம் கேம்பிங் டென்ட்டுக்கு ஒரு ஸ்டாண்டர்ட் எழுதியது. அதுதான் சி.பி.ஏ.ஐ-84. சில மாநிலங்கள் அதைச் சட்டமாகவும் ஆக்கின.

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது புரியும். ஒரு பெரிய பிரச்சினை, அதுக்கு ஒரு பேட்ச். அந்த நேரத்துக்கு அது சரியான பேட்ச். ஆனா அதுக்கப்புறம் கீழே இருந்த சிஸ்டமே மாறிடுச்சு. மெழுகுக் கான்வாஸ் போய் நைலான், பாலியஸ்டர் வந்தது. விளக்கு போய் எல்.இ.டி. வந்தது. பேட்ச் மட்டும் பல வருஷம் அப்படியே ஓடிட்டிருந்தது. டெஸ்ட்டில் பாஸ் ஆக மெல்லிய நைலானில் என்ன செய்யணும்? பெரும்பாலான கம்பெனிகள் தீ தடுப்பு கெமிக்கலைச் சேர்த்தன.

அந்தக் கெமிக்கலுக்கும் ஒரு கதை இருக்கு. அதுல வர்றவங்க ஒரு மலையேறி! பேர் ஆர்லீன் ப்ளம், வேதியியல் விஞ்ஞானி. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் குழந்தைகள் இரவில் போடும் உடை சுலபமாகத் தீப்பிடிக்கக் கூடாதுன்னு விதி வந்தது. கம்பெனிகள் துணியில் டிரிஸ் என்ற கெமிக்கலைச் சேர்த்தன. 1977-ல் ப்ளமும் ப்ரூஸ் ஏம்ஸும் சயன்ஸ் இதழில் எழுதினார்கள்: பாக்டீரியாவில் சோதித்தால் இது டி.என்.ஏ.வை மாற்றுகிறது, புற்றுநோய் வரவைக்கலாம். சில மாசத்திலேயே குழந்தைகள் உடையில் டிரிஸுக்குத் தடை. அதுக்குப் பதிலா கம்பெனிகள் எடுத்தது அதோட தம்பியை, குளோரின் சேர்ந்த டிரிஸ். அடுத்த வருஷமே அதுவும் டி.என்.ஏ.வை மாற்றுவதாக அதே குழு எழுதியது. குழந்தைகள் உடையிலிருந்து அதுவும் போனது. அதே 1978-ல்தான் ப்ளம் ஒரு பெண்கள் குழுவை அன்னபூர்ணா சிகரத்துக்கு வழிநடத்திப் போனார்.

உடையிலிருந்து போனது வேற எங்கே போச்சு? 2014-ல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சி.பி.ஏ.ஐ-84 டென்ட் துணிகளில் 11 சாம்பிள் எடுத்துப் பார்த்தார்கள். 10-ல் தீ தடுப்பு கெமிக்கல் இருந்தது. அடிக்கடி கிடைத்தவற்றில் ஒன்று, அதே தம்பி. டென்ட் அடித்த 27 பேரின் கையைத் துடைத்தும் பார்த்தார்கள். துணியில் அது எவ்வளவு அதிகமோ, கையிலும் அவ்வளவு அதிகம். இதுக்கு மூணு வருஷம் முன்னாடியே, 2011-ல், கலிபோர்னியா மாநிலம் அதைப் புற்றுநோய்ப் பட்டியலில் சேர்த்திருந்தது.

ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். டென்ட்டில் தூங்கினா நோய் வரும்னு அந்த ஆய்வு சொல்லல. கெமிக்கல் கைக்கு வருதுன்னு மட்டும்தான் காட்டுச்சு. வருஷத்துக்கு ரெண்டு ராத்திரி தூங்குறதுக்குப் பயந்து வீட்டிலேயே உட்கார வேண்டாம். ஆனா நம்ம பாப்பா கை சூப்புற பாப்பா. குழந்தை எரியக் கூடாதுன்னு போட்ட கெமிக்கல், குழந்தையின் வாய்க்கே போகுது. அதுதான் எனக்கு உறுத்தினது.

அக்காவுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். தீ தடுப்பு கெமிக்கல் சேர்க்காத டென்ட்டை இப்போ சில கம்பெனிகள் செய்யுது, கிடைச்சா அதை வாங்கு. கிடைக்கலைன்னா டென்ட் அடிக்கிற வேலையைப் பெரியவங்க பண்ணுங்க, முடிச்சதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. துணிப் பக்கம் வாய் வைக்காம பாப்பாவைப் பார்த்துக்கோ. ஜன்னல் வலையைத் திறந்து வை.

இதைவிட முக்கியம், எந்த டென்ட்டா இருந்தாலும் உள்ளே நெருப்பு கூடாது. அடுப்பு, மெழுகுவர்த்தி, கொசுவத்தி எதுவுமே வேண்டாம். குளிருதுன்னு கரியைப் பத்த வெச்சு உள்ளே வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளை எடுத்துடும். வெளிச்சத்துக்கு எல்.இ.டி. போதும். சி.பி.ஏ.ஐ-84 லேபிள் இருந்தாலும் இது தீப்பிடிக்காத துணின்னு அர்த்தம் இல்ல. நெருப்பு தொடர்ந்து பட்டா எரியும்னு அந்த லேபிளே எச்சரிக்குது.

எல்லாத்தையும் கேட்டுட்டு அக்கா சொன்னாள்: "ஒரு டென்ட் சரியான்னு கேட்டா 1944-ல இருந்தா ஆரம்பிப்ப?" அப்புறம் கார்ட்டில் இருந்ததை எடுத்துட்டு வேற தேட ஆரம்பிச்சாள். கொசுவலை ஒண்ணும் சேர்த்துப் போட்டாள்.

உங்க வீட்டு டென்ட்டை இன்னைக்கு ஒரு தடவை விரிச்சு, உள்பக்கம் தைத்திருக்கிற லேபிளைப் படிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.