பருமன் சத்திர சிகிச்சையும் இருதயமும்: கல்முனைக் கரையிலிருந்து ஒரு நோக்கு

1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியபோது, கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர்ப் பகுதி உழவர் மாடு கட்டிச் சூடு மிதித்தவர்களே. பின்னர் உழவு இயந்திரம் வந்தது; நடந்து சென்ற வயலுக்கு மோட்டார் சைக்கிள் ஓடியது; தட்டிற் சோறு மட்டும் குறையவில்லை. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் வடக்கு, கிழக்கு மாகாணங்கள் நீங்கலாக இலங்கையில் நடந்த ஆய்வு, வளர்ந்தோரிற் பத்திலொருவர்க்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. நீரிழிவின் பின்னே மாரடைப்பு வருவதை இக்கரையோர் அறிவர். உடற்பருமனைக் குறைக்கும் சத்திர சிகிச்சை இருதயத்தைக் காக்குமா என்ற வினா இவர்களுக்கு அயலானதன்று.

இச்சிகிச்சையின் வரலாறு இரு கிளைகளாக வளர்ந்தது. ஒன்று எடையை நோக்கியது. 1954 இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கிரெமன், லினர் என்போர் சிறுகுடலின் பெரும்பகுதியை விலக்கி இணைக்கும் முறையை வெளியிட்டனர். எடை குறைந்தது, ஆயின் ஈரலும் சிறுநீரகமும் கெட்டன. அம்முறை கைவிடப்பட்டது. 1966 இல் அயோவாவைச் சேர்ந்த எட்வேர்ட் மேசன், குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்த பெண்கள் மெலிந்தே இருப்பதைக் கண்டு, இரைப்பையைச் சுருக்கிக் குடலோடு இணைத்தார்.

மற்றக் கிளை நேரே இருதயத்தை நோக்கியது. 1963 இல், அதே மினசோட்டாவில், ஹென்றி புக்வால்ட் சிறுகுடலின் கடைசி மூன்றிலொரு பகுதியை விலக்கினார். பித்த அமிலம் மீள உறிஞ்சப்படுவது அங்கேதான். அது வெளியேறவே, புதிய பித்த அமிலம் ஆக்குதற்கு ஈரல் இரத்தத்துக் கொலஸ்திரோலை எடுத்துச் செலவிடும். ஒருமுறை மாரடைப்புக்கு உள்ளான 838 பேரைச் சீட்டுப்போட்டாற்போல் இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வின் முடிவு 1990 இல் வெளிவந்தது. சிகிச்சை பெற்ற பிரிவில் இருதய நோய் மரணமும் மறு மாரடைப்பும் சேர்ந்து 35 சதவீதம் குறைந்திருந்தன. எடையைக் குறைத்தல் இங்கு நோக்கமாகவே இருக்கவில்லை!

எடைக் கிளைக்குரிய சான்று 1987 இல் சுவீடனில் தொடங்கிய ஆய்விலிருந்து வந்தது. 2012 இல் வெளியான கணக்கின்படி, சிகிச்சை பெற்ற 2010 பேரில் இருதய, இரத்தக்குழாய் நோய்களால் இறந்தோர் 28 பேர். பெறாத 2037 பேரில் 49 பேர். இவர்கள் சீட்டுப்போட்டுப் பிரிக்கப்பட்டவரல்லராகையால், இம்முடிவை அறுதியெனக் கொள்ளுதல் சாலாது. எனினும் அதில் ஒரு செய்தி உற்று நோக்கத்தக்கது. எவ்வளவு எடை குறைந்தது என்பதோடு இருதய நன்மை ஒத்துச் செல்லவில்லை. தொடக்கத்தில் இரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருந்தோரே கூடுதற் பயன் பெற்றனர்.

கல்முனைக்கு இச்செய்தியே முதன்மையானது. தென்னாசியருக்கு உடல் பெரிதாகப் பருக்காமலே வயிற்றிற் கொழுப்புச் சேர்ந்து நீரிழிவு வந்துவிடுகின்றது. 1991 இல் அமெரிக்கர் வகுத்த அளவுகோலோ உடற்றிணிவுச் சுட்டி 40 ஆக இருத்தல் வேண்டும், பிற நோயுள்ளவர்க்கு 35 போதும் என்றது. 165 சென்ரிமீற்றர் உயரமான ஒருவர் 40 ஐ எட்ட 109 கிலோ இருத்தல் வேண்டும். நெற்கடை முதலாளியருள் அத்தகையோர் எத்தனை பேர்? 2022 இல் சர்வதேசச் சத்திர சிகிச்சைச் சங்கங்கள் ஆசியருக்கு அவ்வெல்லையை 27.5 ஆகத் தாழ்த்தின. அவ்வுயரத்தார்க்கு அது 75 கிலோ. இக்கரையில் அத்தகையோர் அரியரல்லர்.

ஆயினும் கத்தியோடு காரியம் முடிவதில்லை. இரும்பு, கல்சியம், விற்றமின் பி12 ஆகியவற்றை வாழ்நாள் முழுதும் உட்கொண்டு, இரத்தத்தைச் சோதித்து வருதல் வேண்டும். கொழும்பில் சிகிச்சை பெற்றவர்க்கு அந்நகரம் 300 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ளது. சுருங்கிய இரைப்பை ஒரே வேளையில் அதிக நீரையும் ஏற்காது. ஆகவே றமழானில், நோன்பு துறந்தது முதல் ஸஹர் வரை மிடறு மிடறாக நீர் அருந்தும் முறையையும், நீரிழிவு மாத்திரையின் அளவையும் நோன்புக்கு முன்னரே மருத்துவரோடு பேசி வகுத்துக்கொள்ளல் வேண்டும்.