அலுபுரம் அலுமினிய உருக்காலை

கொச்சிக்கு வடகிழக்கே, பெரியாற்றின் கரையில், ஏலூரை ஒட்டி இயங்கிய ஆலை. இந்தியாவில் அலுமினியம் முதன்முதலாக உருக்கி எடுக்கப்பட்டது இங்கேதான், 1943இல். தாதுவோ நிலக்கரியோ அருகில் கிடையாது. கிடைத்தது மின்சாரம் ஒன்றுதான். மூணாறை அடுத்த பள்ளிவாசலில் முதிரப்புழை ஆற்று நீரிலிருந்து 1940 முதல் மின்சாரம் எடுத்து வந்தது திருவிதாங்கூர் அரசு. ஏலூர் திருவிதாங்கூர் எல்லைக்குள் இருந்தது. பள்ளிவாசல் மின்சாரத்தை வாங்கப் பெரிய ஆலை ஒன்று வேண்டும் என்பதில் திவான் சி. பி. ராமசாமி ஐயர் காட்டிய முனைப்பு இந்த ஆலைக்கு வழிசெய்தது. 1938இல் கனடா நிறுவனம் ஒன்றின் துணையோடு தொடங்கி இந்த ஆலையை நடத்திய கம்பெனி, பின்னாளில் இந்தியன் அலுமினியம் கம்பெனி எனப் பெயர் பெற்றது.

பாக்சைட் தாதுவிலிருந்து பிரித்த வெண்பொடியான அலுமினா 2,000 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் உருகும். அதனால் அதை உருக்குவதில்லை. சுமார் 960 டிகிரியில் உருகிக் கிடக்கும் கிரையோலைட் என்னும் உப்பில் கரைக்கிறார்கள். மேலிருந்து கார்பன் மின்வாய் வழியே மின்சாரம் பாயும். ஆக்சிஜன் கார்பனோடு சேர்ந்து வாயுவாக வெளியேற, உலோகம் அடியில் தங்கும். இந்த உலைத்தொட்டிக்குப் பாட் என்று பெயர். ஒரு பாட்டுக்கு 4, 5 வோல்ட் போதும். ஆம்பியரோ ஆயிரக்கணக்கில் வேண்டும். பாட்டுகள் ஒன்றோடொன்று தொடராக இணைக்கப்பட்டவை. மின்சாரம் சில மணி நேரம் நின்றால் போதும், உள்ளே இருப்பதெல்லாம் உறைந்து இறுகிவிடும். மின்வெட்டுக்கு மிகவும் அஞ்சவேண்டிய ஆலை இது.

இம்முறையை 1886இல் கண்டறிந்த இருவரில் ஒருவர் பிரான்சின் போல் எரூ. மற்றவர் அமெரிக்கரான ஹால். ஒருவரையொருவர் அறியாமல் ஒரே ஆண்டில் ஒரே வழியை எட்டினார்கள். இருவரும் பிறந்தது 1863இல், மறைந்தது 1914இல். எரூவே 1900இல் மின்வில் உலையால் எஃகு உருக்கிக் காட்டினார். அங்கே கார்பன் தண்டுக்கும் பழைய இரும்புக்கும் இடையே எழும் மின்வில்லின் வெப்பம் உலோகத்தை உருக்குகிறது. பாட்டிலோ மின்சாரம் சேர்மத்தையே பிரிக்கிறது. இரண்டும் விறகோ நிலக்கரியோ எரிக்காத உலைகள்.

தொடக்கத்தில் அலுமினா கனடாவிலிருந்து வந்தது. 1948இல் முரி என்ற ஊரில் அலுமினா ஆலை எழுந்தபின் உள்நாட்டிலேயே கிடைத்தது. ஒரு கிலோ உலோகத்துக்கு இன்றைய ஆலைகளிலும் ஏறக்குறைய 14 யூனிட் மின்சாரம் செலவாகும். மின்சாரத்தைத் தேடி வந்த தொழில், மின்சாரத்தைத் தேடியே நகர்ந்தது: 1959இல் இதே கம்பெனி ஒடிசாவின் ஹிராகுட் அணைக்கு அருகே இன்னோர் உருக்காலையைத் திறந்தது. கேரளத்தில் மின் தட்டுப்பாடும் கட்டண உயர்வும் பாட்டுகளை நலிய வைத்தன, உருக்குதல் நின்றுபோனது. 2000இல் கம்பெனி ஹிண்டால்கோ நிறுவனத்தின் வசமானது. அலுபுரத்தில் எஞ்சியது, அலுமினியத்தைச் சூடாக்கி அச்சின் வழியே பிதுக்கிச் சட்டங்களும் குழாய்களும் செய்யும் பிரிவுதான்.