சிறுநீரகமும் மூலக்கலமும்

உடலுறுப்புகளுள் ஈரல், ஒரு பகுதியை அறுத்தெடுப்பினும் மீண்டும் வளரவல்லது. சிறுநீரகத்திற்கு அப்பேறு வாய்க்கவில்லை. குருதியை வடித்துச் சிறுநீரைப் பிரிக்கும் சிறுநீரகத்திகள் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் உள. அவை தாய் வயிற்றிலேயே அமைந்துவிடுகின்றன. நிறைமாதத்திற் பிறந்தபின் புதியதொன்று தோன்றுவதில்லை. அழிந்தது அழிந்ததே.

இக்குறையை வெல்ல மனிதன் முதலிற் பொறியை நாடினான். ஒல்லாந்து வைத்தியர் வில்லெம் கொல்ஃப், நாடு ஜெர்மானியர் பிடியில் இருந்த 1943ஆம் ஆண்டில், செலோபன் குழாயைச் சுழலும் உருளையிற் சுற்றிச் செயற்கைச் சிறுநீரகம் அமைத்தார். நோயாளர் பலர் இறந்தனர். 1945இலேயே ஒருவர் பிழைத்தார். பொறியால் வாழ்நாளை நீட்டலாமேயன்றி உறுப்பைத் தரலாகாது. 1954 டிசம்பர் 23ஆம் நாள் பொஸ்டன் நகரில் ஜோசப் மறே, இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தினார். ஒரே கருவிலிருந்து பிறந்தோராதலின் உடல் அதனை ஏற்றது. வேலூரில் 1971இலும், இலங்கையில் 1985இலும் இச்சிகிச்சை நிகழ்ந்தது.

மூலக்கலத்தின் கதை வேறு. பல்வகைக் கலங்களாக வளரவல்ல தாய்க்கலமே அது. விளம்பரங்கள் ஸ்டெம் செல் என்பது இதனையே. எலியின் எலும்பு மச்சையில் அத்தகைய கலங்கள் உள என்பதை 1961இல் கனடாவின் டில், மக்கலக் இருவரும் காட்டினர். 2006இல் யப்பானிய அறிஞர் ஷின்யா யமனாக்கா, முதிர்ந்த எலிக்கலங்களை நான்கு மரபணுக்களின் துணையாற் கருநிலைக்குத் திருப்பினார். மறுவருடம் மனிதத் தோற்கலங்களிலும் அது கைகூடிற்று. 2015இல் ஆஸ்திரேலியாவில் மெலிசா லிட்டில் குழுவினர், அவ்வகைக் கலங்களிலிருந்து சிறுநீரகத்திகள் கொண்ட சிற்றுருவொன்றை ஆய்வுகூடத்தில் வளர்த்தனர். வியத்தகு செயல்தான். ஆயினும் அது கருக்குழந்தையின் சிறுநீரகத்தை ஒத்த ஒரு துணுக்கு. குருதி புகும் நாடியும் சிறுநீர் வெளியேறும் வழியும் அதற்கில்லை.

யான் இவற்றைத் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற ஆண்டு பழைய மாணவனொருவன் விளம்பரத்தாளொன்றைக் கொணர்ந்தான். ஓய்வுபெற்ற கங்காணியான அவன் தந்தையார், வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்பவர். பழுதுற்ற சிறுநீரகத்தை மூலக்கல ஊசியாற் புதுப்பிப்பதாக அவ்வயல்நாட்டு நிலையம் உறுதி கூறியிருந்தது. சேமலாப நிதி முழுவதும் அதற்கே போய்விடும். “அகமதாபாத்தில் செய்கிறார்களாம், சேர்” என்றான்.

அதிற் பாதி உண்மை இருந்தது; பாதி உண்மையே பெரிதும் ஏமாற்றவல்லது. கனடாவிலிருந்து 1977இல் அகமதாபாத் திரும்பிய எச். எல். திரிவேதி மூலக்கலங்களைக் கையாண்டது மெய். ஆனால் அது புதிய சிறுநீரகத்தை வளர்ப்பதற்கன்று. பிறர் தந்த சிறுநீரகத்தை உடல் பகையென ஒதுக்காதிருக்கச் செய்வதற்கே. இரத்த நோய்கள் சிலவற்றுக்கன்றி, மூலக்கலச் சிகிச்சையை ஆய்வுக்கு வெளியே அளிக்கலாகாதென இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை விதிக்கின்றது.

இத்தனையும் சொன்னேன். “அப்படியானால் எப்போது வரும், சேர்?” என்று கேட்டான். ஆண்டு சொல்ல என்னால் இயலவில்லை. பணம் வங்கியிலேயே இருக்கின்றது. அவன் அத்தை, தமையனாருக்குத் தன் சிறுநீரகம் பொருந்துமா என அறிய, இரத்தப் பரிசோதனைக்குக் கொழும்பு சென்றிருக்கின்றார்.