புரூஸ் லீ உடைத்த பலகை

1972 மார்ச் 22. ஹொங்கொங் தியேட்டர்களில் 'ஃபிஸ்ட் ஒஃப் ஃபியூரி' திரைக்கு வருகிறது. புரூஸ் லீ நடித்து, லோ வெய் இயக்கிய படம். 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து ஷங்ஹாயில் கதை நடக்கிறது. குரு ஹூவோ யுவான்ஜியாவின் சாவுச் சடங்கு நடக்கிற இடத்துக்கே ஜப்பானியப் பயிற்சிக்கூடத்து ஆட்கள் வந்து, 'கிழக்காசியாவின் நோயாளி' எண்டு எழுதிய பலகையைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். சீடன் சென் ஜென் தனியாளாய் அந்தக் கூடத்துக்குப் போய் எல்லாரையும் அடித்து, எழுதிய கடதாசியையே தின்ன வைக்கிறான்.

சண்டைக்காக மட்டுமா சனம் அள்ளுப்பட்டுப் போய்ப் பார்த்தது? அந்த நேரத்து ஹொங்கொங்கைக் கொஞ்சம் பார்ப்போம்.

அது பிரித்தானியக் காலனி. மிகப் பெரும்பான்மையானோர் சீனர். ஆனால் அரச மொழி ஆங்கிலம் மட்டும்தான். மாணவர்களும் மற்றவர்களும் போராடிய பிறகு 1974இல்தான் சீனமொழிக்குச் சட்ட அந்தஸ்து கிடைத்தது. தன்ர மொழியில் அரச கடிதம் வராத வாழ்க்கை எப்பிடி இருக்கும் எண்டு எங்களுக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அதோட, தியாவோயு தீவுகள் ஜப்பானின் நிர்வாகத்துக்குப் போவதை எதிர்த்து 1971 ஜூலை 7ஆம் திகதி விக்டோரியா பூங்காவில் கூடிய இளைஞர்களைப் பொலிஸ் அடித்துக் கலைத்தது. அது நடந்து ஒன்பது மாதம்கூட ஆகவில்லை, படம் வந்துவிட்டது.

படத்தில் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிற காட்சி பூங்கா வாசல்தான். 'நாய்களுக்கும் சீனருக்கும் அனுமதி இல்லை' எண்டு பலகை. சென் ஜென் அதை உதைத்து, அந்தரத்திலேயே உடைக்கிறான்.

இங்கதான் வரலாற்று மாணவர்கள் கொஞ்சம் நிற்கவேண்டும். அப்பிடியே அந்த வாசகத்தோட ஒரு பலகை ஷங்ஹாயின் ஹுவாங்பு பூங்காவில் இருந்ததற்கு உறுதியான சான்று இல்லை. இருந்தது விதிமுறைப் பட்டியல். 1917ஆம் ஆண்டுப் பட்டியலில் பூங்கா வெளிநாட்டுச் சமூகத்துக்கு மட்டும் எண்டு ஒரு விதி. நாய்க்கும் சைக்கிளுக்கும் அனுமதி இல்லை எண்டு வேறொரு விதி. வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பராமரிக்க வந்த சீன ஆயாக்கள் மட்டும் உள்ளே போகலாம். 1928இல்தான் மற்றச் சீனருக்கும் கதவு திறந்தது. ஆகவே பலகை கதையாக இருக்கலாம், தடை கதையில்லை. தனித்தனி விதிகளைச் சனத்தின் ஞாபகம் ஒரே வரியாக்கி வைத்திருந்தது. சென் ஜென்னும் கற்பனைதான். ஆனால் குரு ஹூவோ 1910இல் இறந்த உண்மையான மனிதர்.

இன்னொரு ஆளையும் கவனிக்கவேண்டும். சென் ஜென்னை வாசலில் மறிக்கிறவர் தலைப்பாகை கட்டிய சீக்கியக் காவலாளி. இது சும்மா வைத்த பாத்திரம் இல்லை. ஷங்ஹாய் மாநகரப் பொலிசில் 1880களிலிருந்தே சீக்கியர்களைச் சேர்த்தார்கள். ஒரு காலனியின் ஆளைக் கொண்டுவந்து இன்னொரு இடத்துச் சனத்துக்குக் காவல் வைப்பது பேரரசின் பழைய வழக்கம். படம் அந்தக் காவலாளியை மறிக்கிற ஆளாக மட்டுமே காட்டுகிறது. அவர் பஞ்சாபிலிருந்து ஏன் வந்தார், என்ன சம்பளத்துக்கு நின்றார் எண்டு கேட்கவில்லை.

கடைசியில் சென் ஜென் துப்பாக்கிகளை நோக்கிப் பாய்கிறான். படம் அந்தரத்திலேயே உறைந்து நிற்கிறது. வெடிச்சத்தம் மட்டும் கேட்கிறது. ஒருவன் பலகையை உடைக்கலாம், ஆனால் பலகை வைத்தவனிடம் துவக்கு இருக்கிறது எண்டு படத்துக்கும் தெரியும். அடுத்தமுறை இந்தப் படத்தைப் பார்த்தால், உதையோட சேர்த்து வாசலில் நிற்கிற அந்த ஆளையும் பாருங்கோ.