ஆதுலர் சாலையும் அருமருந்தும்

உயிரைப் பற்றிய பிணி இருவகைத்து என்பர் பெரியோர். பிறவிப்பிணி ஒன்று, உடற்பிணி மற்றொன்று. இவ்விரண்டனையும் தீர்க்கும் முதல்வனாதலின், புள்ளிருக்குவேளூரில் எழுந்தருளிய பெருமானுக்கு வைத்தியநாதன் என்னும் திருநாமம் வழங்குவதாயிற்று. கொடிய சூலைநோயால் வருந்திய திருநாவுக்கரசர் திருவதிகையில் திருநீறு பெற்று நலம் எய்திய வரலாறும் அன்பர் அனைவரும் அறிந்ததே. எனினும், திருவருளை நம்பி வாழ்ந்த நம் முன்னோர் மருந்தை இகழ்ந்தாரல்லர். மருந்தும் அவன் அருளால் மண்ணில் முளைத்ததே எனக் கொண்டு, திருக்கோயில் அறங்களுள் மருத்துவத்தையும் ஒன்றாக வைத்துப் போற்றினர். இதற்குக் கல்வெட்டுக்களே சான்று.

நோயுற்றோரை ஆதுலர் என்றும், அவர்க்கு மருந்தும் உணவும் அளிக்கும் இடத்தை ஆதுலர் சாலை என்றும் அந்நாளில் வழங்கினர். தஞ்சையில் சுந்தரசோழ விண்ணகர் ஆதுலர் சாலை என ஒன்று இருந்தது. முதலாம் இராசராச சோழனின் தமக்கையாராகிய குந்தவைப் பிராட்டியார் அதற்கு நிவந்தம் அளித்தனர். ஆயினும், இத்தகைய சாலை ஒன்றின் அகத்தை நம் கண்முன் நிறுத்துவது திருமுக்கூடற் கல்வெட்டேயாகும்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் காஞ்சி நகரை அடுத்த திருமுக்கூடல். அங்குள்ள திருமால் கோயிற் சுவரில், வீரராசேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 1068-இல் இக்கல்வெட்டுப் பொறிக்கப்பெற்றது. வணிகர் ஒருவர் எடுப்பித்த சனநாத மண்டபத்தில் வேதமும் இலக்கணமும் ஓதும் கல்விச்சாலை நடைபெற்றது. பாஞ்சராத்திரம் பயில்வாரோடு சிவப்பிராமண மாணாக்கரும் அங்கே உணவு பெற்றனர். அதனோடு சேர்ந்து விளங்கியதே வீரசோழன் என்னும் ஆதுலர் சாலை. நோயாளர் கிடத்தற்குப் 15 கட்டில்கள் இருந்தன. கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்பார் மருத்துவர். அறுவை செய்தற்குத் தனியே ஒருவர் அமைந்தார்.

ஓராண்டுக்கு இருப்பில் வைக்கத்தக்க மருந்துகளின் பட்டியல் இக்கல்வெட்டின் தனிச்சிறப்பு. ஏறத்தாழ இருபது மருந்துகள் பெயர் சுட்டிக் கூறப்பட்டுள்ளன. அவற்றுட் பல வேரும் இலையும் காயும் கொண்டு ஆக்கப்படுவன. வாசா அரீதகி என்பது ஆடாதோடையும் கடுக்காயும் சேர்ந்தது. இருமலுக்கு நூல்கள் விதித்தது. தசமூல அரீதகியில் வில்வம், பாதிரி, நெருஞ்சி, கண்டங்கத்திரி முதலிய பத்தின் வேர்களோடு கடுக்காய் கூடும். பூண்டும் ஆமணக்கெண்ணெயும் கூடிய தைலம் ஒன்றும், வில்வத்தை முதலாக உடைய நெய் ஒன்றும் உள. பலவற்றினும் பயின்று வரும் கடுக்காய், குடலைச் செம்மை செய்து கழிவை நீக்கும் இயல்பினது. உள்ளுறுப்பு நலம் பேணுதலே மருத்துவத்தின் அடிப்படை என முன்னோர் கருதியமை இதனால் விளங்கும். சிவபெருமானுக்கு அருச்சனையாகும் வில்வமும், திருப்பாதிரிப்புலியூரின் தலமரமாகிய பாதிரியும் நோயாளர்க்கு மருந்தாதல் எண்ணி மகிழத்தக்கது.

ஆயினும், மூலிகை தானே நோயைத் தீர்த்துவிடாது. இப்பட்டியலில் சேராங்கொட்டையும் இடம் பெறுகின்றது. அதன் பால் பட்டால் தோல் கொப்புளிக்கும். முறைப்படி தூய்மை செய்தாலன்றி உள்ளுக்குக் கொள்ளலாகாது. நஞ்சை மருந்தாக்குவது அறிந்தவன் கை. பறிக்கும் பருவம் அறிய வேண்டும். வேரின் வேறுபாடு தெரிய வேண்டும். அடுப்பின் அருகிருந்து பதம் பார்க்க வேண்டும். இதனை உணர்ந்தே, மூலிகை கொணரவும் விறகு இடவும் மருந்து அடவும் இருவரையும், நோயாளரைப் பேண மகளிர் இருவரையும் நியமித்து, ஒவ்வொருவர்க்கும் ஊதியமும் வரையறுத்தனர். நாவிதரையும் மறந்தாரல்லர். இரவு முழுதும் எரியும் விளக்கிற்கு எண்ணெயும் ஒதுக்கினர். நோயாளி இருளில் தனித்துக் கிடத்தலாகாது என்னும் இரக்கமன்றோ அவ்விளக்கு!

இவ்வறிவு வழிவழி நிலைத்தற்குக் கல்வியும் வேண்டுமன்றோ? கி.பி. 1121-இல், விக்கிரம சோழன் காலத்தில், திருவாவடுதுறையில் அட்டாங்க இருதயமும் சரக சங்கிதையும் பயில்வோர்க்கு உணவளிக்க அறம் ஏற்பட்டது. சைவ மடங்களும் இத்தொண்டில் பின்னிடவில்லை. ஆந்திர நாட்டு மல்காபுரத்தில் உள்ள கி.பி. 1261-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, கோளகி மடத்து விசுவேசுவர சிவாசாரியரின் அறங்களைக் கூறுவது. அங்கே மடத்தோடு ஆரோக்கியசாலையும், மகளிர்க்கு மகப்பேற்றுச் சாலையும் அமைந்தன.

திருமுக்கூடலின் அவ்வாதுலர் சாலை இன்று இல்லை. கல்வெட்டு நிற்கின்றது, கட்டில்களும் விளக்கும் மறைந்தன. மண்டபத்தை ஒருமுறை எடுத்தால் பல நூறாண்டு நிற்கும். மருந்தோ ஆண்டுதோறும் புதிதாகச் சேர்க்கப்பட வேண்டும். கொடுக்கும் கை ஓர் ஆண்டு ஓயின், அடுத்த ஆண்டு நோயாளி வெறுங்கையுடன் திரும்புவான். குடமுழுக்குக் கண்டு களிக்கும் அன்பர்களும் அறங்காவலர்களும் நெஞ்சில் இருத்தற்குரியது இதுவே. திருப்பணி நிறைவுறும் நாளில் அறம் நிறைவுறுவதில்லை, அன்றுதான் தொடங்குகின்றது. கோபுரம் உயர்த்திய கைகளே பிணியுற்ற எளியவனின் தலைமாட்டில் ஒரு விளக்கையும் ஏற்றுமாயின், வைத்தியநாதன் திருவுள்ளம் அதனினும் மகிழ்வது வேறில்லை.

திருச்சிற்றம்பலம்.