பட்டியலில் இல்லாத நாய்

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 132-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. விபத்து நடந்தால் வண்டியை நிறுத்த வேண்டியது பற்றிய பிரிவு. மனிதருக்கோ விலங்குக்கோ இன்னொரு வண்டிக்கோ விபத்து நேர்ந்தால் ஓட்டுநர் என்ன செய்யணும் என்று சொல்கிறது. "விலங்கு" என்றால் என்ன என்றும் அதே பிரிவு விளக்குகிறது: குதிரை, மாடு, யானை, ஒட்டகம், கழுதை, கோவேறு கழுதை, செம்மறியாடு, வெள்ளாடு. அவ்வளவுதான்.

இரண்டு முறை படித்துப் பார்த்தேன். நாய் இல்லை.

நம்ம ஊர்த் தெருவில் வண்டியில் அதிகமாக அடிபடுவது எது? பதில் எல்லாருக்கும் தெரியும். கடைசியாக ஒட்டகம் அடிபட்டுப் பார்த்தது எப்போது? சட்டத்துக்கு ஒட்டகம் ஞாபகம் இருக்கிறது, நாய் ஞாபகம் இல்லை.

பிரிட்டனில் 1930-ல் வந்த சாலைப் போக்குவரத்துச் சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் இதே மாதிரி ஒரு பட்டியல் இருக்கு. குதிரை, மாடு, கழுதை, கோவேறு கழுதை, செம்மறி, பன்றி, வெள்ளாடு, கடைசியில் நாய். (பூனை அங்கேயும் கிடையாது, பாவம்.) நம்ம பட்டியலில் யானையும் ஒட்டகமும் கூடியிருக்கு. பன்றியும் நாயும் இல்லை.

இந்த விடுதலை ஏன் தேடிப் படித்தேன் என்பதற்கு ஒரு பின்னணி உண்டு. அதைச் சொல்லிவிட்டு வரலாற்றுக்குப் போகிறேன்.

ஷிஃப்ட் விடும் நேரம்

நான் வளர்ந்தது நெய்வேலி டவுன்ஷிப்பில். 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கி, அடுத்த வருஷம் சுரங்க வேலை ஆரம்பித்து, அதற்காகவே திட்டம் போட்டுக் கட்டின ஊர். நேர்கோடு போட்ட மாதிரி ரோடு, ரெண்டு பக்கமும் மரம், நம்பர் போட்ட வட்டங்கள், ஒவ்வொரு குவார்ட்டர்ஸிலும் ஒரு பலாவோ முந்திரியோ. மத்த நேரத்தில் ரோடு வெறிச்சோடிக் கிடக்கும். ஷிஃப்ட் மாறும்போது மட்டும் பஸ், ஸ்கூட்டர், சைக்கிள் எல்லாம் ஒரே மூச்சில் வரும். ஊர் நாய்களுக்கு இந்த ரெண்டு நிலைதான் ஆபத்து. வெறும் ரோட்டுக்குப் பழகின நாய், ஷிஃப்ட் விடும் நேரத்தில் அதே நிதானத்தோடு குறுக்கே போகும்.

எங்க வீட்டு மணி அப்படித்தான் போனது. தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மதியம். அப்பா வர்ற நேரம் அதுக்குத் தெரியும், கேட்டுக்கு வெளியே போய் நிற்கும். ஒரு வேன் அடித்தது, நிற்காமல் போய்விட்டது. அம்மா ஜமக்காளத்தை எடுத்துக்கிட்டு ஓடினாங்க. நாலு பேர் நாலு முனையைப் பிடித்து ஆட்டோவில் ஏத்தினோம். மணி அதுவரைக்கும் யாரையும் கடித்ததில்லை. அன்றைக்கு அப்பா கையைக் கடித்தது.

டாக்டர் முதலில் காலைப் பார்க்கவில்லை. உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விட்டுப் பார்த்தார். வெளுத்த இடம் ரெண்டு விநாடிக்குள் சிவக்கணும், அப்படிச் சிவந்தால் ரத்த ஓட்டம் பரவாயில்லை என்று அர்த்தம். அடுத்து மூச்சைக் கவனித்தார். மோதின வேகத்தில் உதரவிதானம் கிழிந்திருந்தால் குடல் நெஞ்சுக்குள் ஏறிவிடும். அப்புறம் மூத்திரம் போகிறதா என்று பார்த்தார். காலும் இடுப்பும் அதுக்கப்புறம்தான். வெளியே தெரியும் காயம் ஆளைக் கொல்றது குறைவு, உள்ளே இருக்கிறதுதான் கொல்லும் என்றார்.

எக்ஸ்ரே எடுக்க மனிதர்களுக்கான இடம்தான் இருந்தது. கடை மூடுற நேரத்துக்கு வாங்க என்று சொன்னாங்க, போனோம். இடுப்பெலும்பு ரெண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஊசி போட்டு அனுப்பிடுங்க, கஷ்டப்படாம போகட்டும் என்று தெரிந்தவர்கள் நாலைந்து பேர் சொன்னாங்க. அவங்க கெட்டவங்க இல்லை. அன்றைக்கு நாய்க்கு அதுதான் கருணை என்று நினைத்த காலம். டாக்டர் மட்டும், இடுப்பைச் சுற்றிச் சதை நல்லா இருக்கு, அதுவே கட்டு போட்ட மாதிரி பிடிச்சுக்கும், ஆறு வாரம் அசையாம வச்சுக்க முடியுமா என்று கேட்டார்.

அப்பா பழைய கட்டிலைக் கவிழ்த்துப் போட்டுச் சுற்றிக் கம்பிவலை கட்டினார். புண் வராமல் இருக்க ராத்திரியும் எழுந்து புரட்டிப் படுக்க வைக்கணும். அம்மாவும் அப்பாவும் அதுக்கும் ஷிஃப்ட் போட்டுக்கிட்டாங்க. அஞ்சாவது வாரம் அது தானா எழுந்து நின்றது. அதுக்கப்புறம் ஏழு வருஷம் இருந்துச்சு, கொஞ்சம் சாய்ந்த நடையோடு.

கால்நடை என்ற சொல்

நாங்க போன இடத்தின் பலகையில் "கால்நடை" என்றுதான் எழுதியிருந்தது. யோசித்துப் பாருங்கள், பேச்சில் கால்நடை என்றால் மாடு, ஆடு. நாயை யாரும் கால்நடை என்று சொல்வதில்லை. சொல்லில் இல்லாத விலங்கு அந்தக் கட்டடத்துக்குள் எப்படி வந்தது?

மெதுவாகத்தான் வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்கு மருத்துவம் ராணுவக் குதிரைகளிடமும் வெக்கை நோயில் கூட்டம் கூட்டமாகச் செத்த மாடுகளிடமும் தொடங்கியது. (அந்த வெக்கை நோய் 2011-ல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. விலங்குகளுக்கு வரும் நோய்களில் அப்படி முழுசா ஒழிக்கப்பட்ட முதல் நோய் அதுதான்.) சென்னை வேப்பேரியில் இருக்கும் மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1903-ல். 1936-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டப்படிப்பு வந்தது, இந்தியாவிலேயே முதல்முறையாக. 1989-ல் அது தனிப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. படிப்பின் மையத்தில் ரொம்பக் காலம் பசுவும் எருமையும் ஆடும் கோழியும்தான்.

நாய் மேல் அரசாங்கத்துக்கு வந்த முதல் பெரிய அக்கறை அதன் கடி பற்றியது. குன்னூரில் 1907-ல் வெறிநோய்த் தடுப்புக்கென்றே பாஸ்டர் நிறுவனம் தொடங்கினார்கள். அது காப்பாற்றியது மனிதரை. தவறே இல்லை, தேவையான வேலை. ஆனால் கடிக்கும் நாய்க்கு ஒரு நிறுவனம் வந்த பிறகும், அடிபட்ட நாய்க்கு ஒரு மேஜை கிடைக்க இன்னும் பல வருஷம் ஆச்சு. சென்னையில் 1959-ல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் மாதிரி அமைப்புகளும் அந்த மேஜையைப் போட்டவர்களில் சேர்த்தி.

பத்து ரூபாய், ஐம்பது ரூபாய்

சட்டத்துக்கு வருவோம். 1860-ல் வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் விலங்கைக் கொல்வது, ஊனமாக்குவது பற்றி ரெண்டு பிரிவு. 428-வது பிரிவு: பத்து ரூபாயோ அதுக்கு மேலோ பெறுமான விலங்கு என்றால் ரெண்டு வருஷம் வரை சிறை. 429: யானை, ஒட்டகம், குதிரை, எருமை, காளை, பசு என்றால் விலை என்னவானாலும் சரி, மற்ற விலங்கு ஐம்பது ரூபாய் பெறணும், அப்போது அஞ்சு வருஷம் வரை. கவனியுங்கள், இது இரண்டும் சொத்துக் குற்றங்களின் அத்தியாயத்தில் வருகிறது. வலி யாருக்கு என்பது கேள்வியே இல்லை, நஷ்டம் யாருக்கு என்பதுதான் கேள்வி. நம்ம நாட்டு நாய்க்கு யார் விலை போட்டார்கள்? மணியை நாங்க காசு கொடுத்து வாங்கவில்லை. அந்தக் கணக்கில் அதன் மதிப்பு பூஜ்யம்.

இந்தக் கணக்கை மாற்ற முயன்றவர் ஒரு தமிழ்நாட்டுக்காரர், கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தபோது 1953-ல் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னதால் அதைத் திரும்பப் பெற்றார். அப்படி வந்ததுதான் 1960-ன் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். 1962-ல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். இங்கே சட்டம் விலங்கின் வலியைப் பார்த்துப் பேசுகிறது. ஆனால் முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை.

அந்த ஐம்பது ரூபாய் எவ்வளவு சின்னது என்று ஊருக்கெல்லாம் தெரிந்தது 2016 ஜூலையில். சென்னையில் மருத்துவ மாணவர் ஒருவர் ஒரு நாயை மொட்டைமாடியிலிருந்து தூக்கி எறிய, இன்னொருவர் படம் எடுத்தார். அந்த வீடியோவை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். நாய் செத்திருக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். விலங்கு ஆர்வலர்கள் தேடிப்போனபோது உயிரோடு இருந்தது. கால் முறிவு, முதுகில் அடி. தன்னைத் தேடி வந்த மனிதர்களைப் பார்த்து அது வாலாட்டியது என்று அப்போது செய்தியில் வந்தது. மீட்டவர்கள் அதுக்கு பத்ரா என்று பெயர் வைத்தார்கள். சிகிச்சை முடிந்து சென்னையிலேயே ஒரு வீட்டில் வளர்ப்பு நாயானது. வதைச் சட்டத்தில் அதிகபட்ச அபராதம் ஐம்பது ரூபாய். மருத்துவப் பல்கலைக்கழகம் தனியாக விசாரித்து ஆளுக்கு ரெண்டு லட்சம் கட்டச் சொன்னது. ஒரே செயல், ரெண்டு விலை.

பத்ராவுக்கு நடந்தது வேண்டுமென்றே செய்தது. விபத்து என்றால்? அதுக்கும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. மும்பையில் 2020-ல் உணவு கொண்டுபோன ஒரு மாணவரின் பைக் மோதி ஒரு நாய் இறந்தது. போலீஸ், மனித உயிருக்கு ஆபத்தாக வண்டி ஓட்டினதற்கான பிரிவுகளில் வழக்குப் போட்டது. 2022 டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. நாயைப் பலர் குழந்தை மாதிரி வளர்க்கலாம், ஆனால் அது மனிதர் இல்லை, இந்தப் பிரிவுகள் மனிதருக்கானவை என்பது காரணம். அந்த மாணவருக்கு 20,000 ரூபாய் கொடுக்கவும் சொன்னது. படித்தால் தீர்ப்பு சரி என்றுதான் எனக்குப் படுகிறது. ஏதோ ஒரு பையனை, இல்லாத ஒரு சட்டத்துக்காகத் தண்டிக்க முடியாது. சட்டத்தில் இருக்கும் ஓட்டைக்கு அவர் பொறுப்பில்லை.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சம்ஹிதாவின் 325-வது பிரிவில் பத்தும் ஐம்பதும் போய்விட்டது. எந்த விலங்கானாலும் ஒரே தண்டனை, அஞ்சு வருஷம் வரை. நாய்க்கு விலை கேட்பதைச் சட்டம் நிறுத்த 164 வருஷம் ஆகியிருக்கிறது. ஆனால் இதுவும் தெரிந்தே செய்யும் கேட்டுக்குத்தான். தெரியாமல் மோதிவிட்டு நிற்காமல் போகும் வேனுக்கு இது பொருந்தாது.

கல்லில் இருக்கும் பெயர்

சரி, நாய்க்கு நம்ம மண்ணில் மதிப்பே இருந்ததில்லையா? நெய்வேலியிலிருந்து ரொம்ப தூரம் போக வேண்டாம். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34-வது ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளை மீட்கப் போய் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கு. அதன் பெயர் கோவிவன் என்றும், ரெண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டு சொல்கிறது. கர்நாடகத்து ஆதகூர்க் கல்லில், பத்தாம் நூற்றாண்டில், காட்டுப்பன்றியோடு சண்டை போட்டு இறந்த காளி என்ற நாய்க்குத் தனி இடமே உண்டு.

ரெண்டு கல்லிலும் எனக்கு முக்கியமாகத் தெரிவது ஒன்றுதான். கல் வெட்டினவர்கள் நாயின் விலையை எழுதவில்லை, பெயரை எழுதினார்கள்.

இதை வைத்து, அந்தக் காலம் பொற்காலம், வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான் என்று சொல்ல மாட்டேன். கல்லில் ஏறின நாய் ரெண்டு, ஏறாத நாய் எத்தனை லட்சமோ. அந்த ரெண்டும் கூடச் சண்டை போட்டதால்தான் கல்லில் ஏறின, சும்மா வாசலில் படுத்திருந்த நாய்க்கு யாரும் கல் நடவில்லை. பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் ஊர்ப் பட்டியலில் நாயைச் சேர்த்தவர்கள் என்பதும் உண்மை. ஆனால் அடிபட்ட நாய் பிழைப்பதற்குப் பின்னால் எப்போதும் இருப்பது இந்தப் பெயர்தான் என்று நினைக்கிறேன். "ஒரு நாய் அடிபட்டுக் கிடக்கு" என்றால் வண்டிகள் ஒதுங்கிப் போகும். "நம்ம மணி" என்றால் ஜமக்காளம் வரும். பத்ராவுக்கும் பெயர் வந்தது பிறகுதான், முதலில் தேடிப்போக யாரோ முடிவு செய்தார்கள்.

132-வது பிரிவின் பட்டியலில் "நாய்" என்று ஒரு சொல்லைச் சேர்ப்பது பெரிய வேலை இல்லை. பிரிட்டனில் 1930-லேயே சேர்த்துவிட்டார்கள். அது வரும்வரை கையில் இருப்பது இவ்வளவு: அடிபட்ட நாயை நடக்க வைத்துப் பார்க்காதீர்கள். எவ்வளவு சாதுவானாலும் வலியில் கடிக்கும், மூச்சு சரியாக இருந்தால் வாயை ஒரு துணியால் லேசாகக் கட்டுங்கள். கெட்டித் துணியில் படுக்க வைத்துத் தூக்குங்கள். ஈறைப் பாருங்கள். இடுப்பு முறிந்த நாய்க்கு அதோடு முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால், எக்ஸ்ரே பார்க்காமல் நம்பாதீர்கள்.