கடல்வழி வந்த உறவு: ஷெட்லாந்து நாட்டார் இசை விழாவும் கெல்டிய–நார்டிக் மரபு உருவான வரலாறும்

ஏப்ரல் முடிந்து மே பிறக்கும் நாட்களில், ஸ்காட்லாந்துக்கு வடக்கே அட்லாண்டிக்கும் வடகடலும் சந்திக்கும் இடத்திலுள்ள ஷெட்லாந்துத் தீவுகளில் நாட்டார் இசை விழா நடைபெறுகிறது. 1981இல் தொடங்கிய இவ்விழா, பிரிட்டனின் நாட்டார் இசை விழாக்களில் மிக வடக்கே நடப்பது. ஸ்காட்லாந்து, அயர்லாந்து இசைக்கலைஞர்களோடு நார்வே, சுவீடன் கலைஞர்களும் இதே மேடையில் வாசிக்கிறார்கள். தலைநகர் லெர்விக்கிலிருந்து ஸ்காட்லாந்தின் அபர்தீனும் நார்வேயின் பெர்கனும் ஏறக்குறைய ஒரே தொலைவில்தான் இருக்கின்றன. கெல்டிய மரபும் நார்டிக் மரபும் கைகோக்கும் இடமாக ஷெட்லாந்தைக் காட்ட இந்த நிலவியல் ஒன்றே போதும் என்று சுற்றுலா விளம்பரங்கள் நினைக்கின்றன.

வரலாறு அவ்வளவு எளிதாக ஒத்துழைப்பதில்லை. இரு மரபுகளும் ஒரே ஆதி வேரிலிருந்து கிளைத்து இத்தீவுகளில் மீண்டும் சேர்ந்தன என்பது அழகான கதை. அதற்குச் சான்று மிகக் குறைவு. கப்பல் வணிகம், திமிங்கில வேட்டை, மொழி இழப்பு, பள்ளிக்கூட வகுப்பு, எண்ணெய்ப் பணம் என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல காரணங்கள் சேர்ந்து கடந்த 300 ஆண்டுகளில் உருவாக்கியதே நாம் இன்று கேட்கும் 'பொது மரபு' என்பது இக்கட்டுரையின் வாதம்.

அடகு வைத்த தீவுகள்

கி.பி. 800 அளவில் நார்வேயிலிருந்து வந்தவர்கள் ஷெட்லாந்தில் குடியேறினர். அவர்களுக்கு முன்பு அங்கே பிக்ட் மக்கள் வாழ்ந்தார்கள். ஆனால் இன்றைய ஊர்ப்பெயர்கள் மிகப் பெரும்பாலும் நார்ஸ் மொழியவை. டென்மார்க்–நார்வே மன்னர் முதலாம் கிறிஸ்டியன் தன் மகள் மார்கரெட்டை ஸ்காட்லாந்தின் மூன்றாம் ஜேம்ஸுக்கு மணமுடித்தபோது, சீர்ப்பணம் 60,000 ரைன் புளோரின் என்று பேசப்பட்டது. அதில் 50,000க்கு ஓர்க்னித் தீவுகளை 1468இல் அடகு வைத்தார். ரொக்கமாகத் தருவதாகச் சொன்ன 10,000இல் அவரால் 2,000தான் திரட்ட முடிந்தது. மீதி 8,000க்காக 1469இல் ஷெட்லாந்தும் அடகுக்குப் போனது. அடகை மீட்க டென்மார்க் தரப்பில் பிற்காலத்தில் நடந்த முயற்சிகள் பலிக்கவில்லை.

ஆட்சி மாறியதும் மொழி உடனே மாறிவிடவில்லை. நோர்ன் என்னும் ஸ்காண்டிநேவிய மொழி தொலைதூரத் தீவுகளில் 18ஆம் நூற்றாண்டு வரை தாக்குப்பிடித்தது. 1774இல் ஜார்ஜ் லோ என்னும் மதகுரு ஃபௌலா தீவுக்குப் போய், வில்லியம் ஹென்றி என்ற முதியவரிடமிருந்து 'ஹில்டினா' என்ற நீண்ட நோர்ன் கதைப்பாடலை எழுதிக்கொண்டு வந்தார். லோவுக்கு அந்த மொழி தெரியாது. காதில் விழுந்த ஒலியை அப்படியே எழுதினார். சொற்கள் பிழைத்தன, மெட்டு பிழைக்கவில்லை. 1890களில் பரோ தீவுகளைச் சேர்ந்த மொழியியலாளர் யாகோப் யாகோப்சன் வந்து சுமார் 10,000 நோர்ன் சொற்களைச் சேகரித்தபோது, அம்மொழியில் பேச யாரும் மிஞ்சியிருக்கவில்லை. கெல்டிய மொழியான கேலிக்கோ ஷெட்லாந்தில் வேரூன்றவே இல்லை. நோர்னின் இடத்தைப் பிடித்தது ஆங்கிலத்துக்கு நெருக்கமான ஸ்காட்ஸ் மொழி. ஆக, கெல்டிய விழாக்களில் ஷெட்லாந்து இசைக்கு நாற்காலி போடுகிறவர்கள் மொழியை ஆதாரமாகக் காட்ட முடியாது.

பிடில் எப்போது வந்தது

ஷெட்லாந்து இசை என்றால் பிடில்தான். அது எப்போது வந்தது என்பதில்தான் இந்த ஆய்வின் முடிச்சு இருக்கிறது. வயலின் குடும்பத்துப் பிடில் இத்தீவுகளுக்கு வந்தது ஏறக்குறைய 1700ஐ ஒட்டி என்பது பொதுவான கணிப்பு. அதாவது நார்வேயின் ஆட்சி போய் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான பிறகு. ஷெட்லாந்து பிடிலில் கேட்கும் நார்வே சாயல் வைக்கிங் காலத்து மிச்சம் என்று சொல்பவர்கள், வைக்கிங்குகளிடம் இல்லாத ஒரு கருவியின் மேல் அந்தப் பழமையை ஏற்றுகிறார்கள்.

பிடிலுக்கு முன்பு 'கூ' என்ற கருவி இருந்தது. 1809இல் ஆர்தர் எட்மண்ட்ஸ்டன் எழுதிய ஷெட்லாந்து பற்றிய நூல் அதை இரண்டு தந்திகள் கொண்ட வில்லிசைக் கருவியாகக் குறிப்பிடுகிறது. ஒரு கருவிகூட இன்று மிஞ்சவில்லை. பின்லாந்து ஆய்வாளர் ஓட்டோ ஆண்டர்சன் இதை வேல்ஸ் நாட்டுக் 'க்ரூத்' கருவியோடும் வடநாட்டு வில் யாழோடும் சேர்த்து ஆராய்ந்தார். கெல்டிய–நார்டிக் உறவுக்கு மிகப் பழைய இசைச் சான்றாக இருந்திருக்க வேண்டியது இதுதான். ஆனால் சில வரி வர்ணனையிலிருந்து ஒரு கருவியை முழுதாக உயிர்ப்பிப்பதும், அதிலிருந்து இரு நாகரிகங்களின் உறவை நிறுவுவதும் ஆய்வுக்கு மீறிய துணிச்சல் என்றே எனக்குப் படுகிறது.

நார்வே சாயல் வெறும் கற்பனை என்று ஒதுக்கவும் முடியாது. ஷெட்லாந்துப் பிடில்காரர்கள் மெட்டை வாசிக்கும்போதே பக்கத்துத் தந்தியையும் வில்லால் தொட்டு முழங்க விடுகிறார்கள். மேற்கு நார்வேயின் ஹார்டாங்கர் பிடிலில் வில் படாத தந்திகள் அடியில் ஓடுகின்றன. மேல்தந்தி அதிரும்போது அவை தாமே ஒலித்து அதே போன்ற முழக்கத்தைத் தருகின்றன. பழைய மெட்டுகள் சிலவற்றுக்குத் தாழ்ந்த இரண்டு தந்திகளையும் ஒரு முழுச் சுரம் உயர்த்திச் சுருதி கூட்டும் வழக்கம் ஷெட்லாந்தில் உண்டு, நார்வேயிலும் உண்டு. 'மக்கிள் ரீல்' என்று அழைக்கப்படும் பழைய ஆட்ட மெட்டுகள் சிலவற்றின் சொற்றொடர் நீளங்கள் ஒழுங்கற்றவை. எட்டெட்டு அடியாக அளந்து வைத்த ஸ்காட்லாந்து ரீல்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு சட்டென்று காதில் படும்.

இந்தச் சாயல் வந்த வழியை ஷெட்லாந்துப் படகுகளிடம் கேட்கலாம். மரமே வளராத இத்தீவுகள் நூற்றாண்டுக் கணக்கில் நார்வேயிலிருந்து மரத்தையும், பிரித்துக் கட்டிய படகுகளையும் வாங்கின. பலகைகளாக வந்திறங்கும் படகைத் தீவில் வைத்துப் பூட்டுவார்கள். அவற்றை அனுப்பியது பெர்கனைச் சூழ்ந்த ஹோர்டாலாந்து வட்டாரம். ஹார்டாங்கர் பிடில் பிறந்து வளர்ந்ததும் அதே வட்டாரத்தில்தான். ஆட்சி அறுந்த பிறகும் வணிகம் அறுபடவில்லை. மெட்டுகள் மூதாதையரின் குருதியில் கலந்து வந்தன என்பதைவிட, பலகைகளோடு வந்து இறங்கின என்பதே காலக்கணக்குக்குப் பொருந்துகிறது.

கிரீன்லாந்துத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் வடக்கே போகும் வழியில் லெர்விக்கில் ஆள் எடுத்தன. பிடில் வாசிக்கத் தெரிந்தவனுக்குக் கப்பலில் மதிப்பு அதிகம். நீண்ட பயணத்தில் ஆட்களின் மனம் சோராமல் பார்த்துக்கொள்பவன் அவன்தான். 'வில்லாஃப்யோர்ட்' என்ற ரீல் அப்படிக் கிரீன்லாந்துப் பக்கமிருந்து வந்ததாகத் தீவில் சொல்வார்கள். ஸ்காட்லாந்து ரீல்கள் அச்சிட்ட தொகுப்புகள் வழியாகவும், பிறகு ஸ்காட்லாந்துப் பிடில் கலைஞர் ஸ்காட் ஸ்கின்னரின் இசைத்தட்டுகள் வழியாகவும் வந்தன. தென்புறத்து இசை அப்படி வந்து குவியக் குவிய, பழைய மெட்டுகள் திருமண ஊர்வலத்துக்கும் கிறிஸ்துமஸ் அதிகாலைக்கும் ஒதுங்கின.

யாழ் வாசித்த அரசன்

ஆதி உறவு பற்றி இவ்வளவு ஐயம் எழுப்பிய பிறகு, என் வாதத்துக்கு எளிதில் அடங்காத ஒரு சான்றையும் வைக்க வேண்டும். ஷெட்லாந்தின் அன்ஸ்ட் தீவில் கிடைத்த 'கிங் ஓர்ஃபியோ' என்ற கதைப்பாடல் அது. கிரேக்கத் தொன்மத்தின் ஓர்ஃபியூஸ்தான் இந்த அரசன். அவன் மனைவியை மலைக்குள் வாழும் மாயக் கூட்டம் கவர்ந்து போகிறது. அரசன் இசைத்து மீட்கிறான். கிரேக்கக் கதையைப் போல முடிவில் இழப்பு இல்லை.

1330களைச் சேர்ந்த ஒரு கைப்பிரதியில் உள்ள 'சர் ஓர்ஃபியோ' என்ற ஆங்கிலக் காவியம், பிரிட்டானி நாட்டுப் பாணர் பாடல் என்னும் வகையைச் சேர்ந்தது. பிரிட்டானி கெல்டிய மொழி பேசிய நாடு. இறந்தவர் உலகம் மாயக் கூட்டத்தின் உலகமாக மாறியது கெல்டியக் கற்பனையின் செயல் எனப் பல ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அந்தக் கதை வட அட்லாண்டிக் வரை பயணப்பட்டு ஷெட்லாந்தில் பாடலானபோது, ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பி வரும் அடிகள் நோர்ன் மொழியில் அமைந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாடல் அச்சேறியபோது, பாடியவர்களுக்கே அந்த அடிகளின் பொருள் தெரியாது. பிரான்சிஸ் சைல்ட் தொகுத்த புகழ்பெற்ற கதைப்பாடல் வரிசையில் இது 19ஆவது. மெட்டு செத்துவிட்டது என்று எல்லாரும் நினைத்திருந்த வேளையில், 1947இல் நாட்டார் பாடல் சேகரிப்பாளர் பேட்ரிக் ஷல்டம்-ஷா அன்ஸ்ட்டைச் சேர்ந்த ஜான் ஸ்டிக்கிளிடம் அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

கிரேக்கக் கதை, பிரிட்டானி உருமாற்றம், ஸ்காட்ஸ் சொற்கள், ஸ்காண்டிநேவிய அடிகள். உண்மையான கலப்பு எப்படி நிகழும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. மலைக்குள்ளிருக்கும் 'ட்ரௌ' என்னும் குட்டிப் பூதங்களிடம் கற்றதாகச் சொல்லப்படும் மெட்டுகளும் ஷெட்லாந்தில் பல உண்டு. நார்வேயில் அருவிக்குள் வாழும் பூதம் பிடில் கற்றுத்தரும். அயர்லாந்தில் மாயக் கூட்டத்தாரிடமிருந்து மெட்டு வரும். இந்த நம்பிக்கை இரு கரைகளுக்கும் பொது. விழா அறிவிப்புகளில் அதிகம் பேசப்படாத பொதுமை இது.

காப்பீட்டு முகவரின் ஒலிநாடா

ஷெட்லாந்தின் நார்ஸ் அடையாளம் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டின் ஆக்கம். ஜனவரி மாதத் தீவிழாவான அப் ஹெல்லி ஆவில் தீப்பந்த ஊர்வலம் 1881இலும், எரிப்பதற்கான வைக்கிங் கப்பல் 1889இலும்தான் சேர்ந்தன. கெல்டிய இசை என்ற பெயர் அதைவிட இளையது. பிரிட்டானியின் லோரியாங்கில் 1971இல் தொடங்கிய கெல்டிய விழாவும், அதே காலத்து இசைத்தட்டு வணிகமும் அப்பெயரைப் பரப்பின.

இவ்விரண்டுக்கும் நடுவே நின்றவர் டாம் ஆண்டர்சன் (1910–1991). எஷநெஸ் வட்டாரத்தில் பிறந்தவர். பிழைப்புக்குக் காப்பீட்டு முகவர். தவணை வாங்க வீடு வீடாகப் போனவர், அந்தந்த வீட்டு முதியவர்களிடமிருந்து மெட்டுகளையும் சேகரித்தார். பிற்பாடு ஒலிநாடாவிலும் பதிந்தார். 1960இல் வெளிநாடுகளில் குடியேறிய ஷெட்லாந்தியர் தாயகம் திரும்பிக் கூடியபோது, அவர்களை வரவேற்க நாற்பது பிடில்காரர்களை ஒரே மேடையில் அமர்த்தினார். அதுவரை தனியாக, ஆட்டத்துக்காக வாசிக்கப்பட்ட இசை அன்று கேட்பதற்கான இசையானது. ஒரு மெட்டு வீட்டுக்கு வீடு வேறுபட்டு ஒலித்த நிலை போய், நாற்பது பேர் சேர்ந்து வாசிக்க ஒரே வடிவம் தேவைப்பட்டதும் அப்போதுதான்.

1970களில் அவர் பள்ளிகளில் பிடில் கற்பிக்கத் தொடங்கினார். ஆண்கள் கையிலேயே இருந்த கருவி சிறுமிகள் கைக்கு வந்தது. அவரிடம் பயின்ற கேட்ரியோனா மெக்டொனால்டு பின்னாளில் உலக மேடைகளில் வாசித்தார். இன்னொரு மாணவர் அலி பெய்ன், 'பாய்ஸ் ஆஃப் தி லாக்' குழுவில் அயர்லாந்துக் கலைஞர்களோடு சேர்ந்தார். ஷெட்லாந்து பிடில் 'கெல்டிய இசை' என்ற அலமாரிக்குள் போனது அந்தக் குழுவின் இசைத்தட்டுகள் வழியாகத்தான்.

1981

அந்த ஆண்டு மே மாதம் எலிசபெத் அரசி ஷெட்லாந்தின் சலம் வோ எண்ணெய் முனையத்தை முறைப்படி திறந்து வைத்தார். நாட்டார் இசை விழா தொடங்கியதும் அதே ஆண்டு. ஒன்று மற்றதைப் பெற்றது என்று சொல்லவில்லை. ஆனாலும் எண்ணெய் வருவாயால் தீவு நிர்வாகத்துக்குப் பள்ளி இசைக்கும் ஊர் மண்டபங்களுக்கும் செலவிடப் பணம் கிடைத்தது. எண்ணெயோடு வரும் அந்நியப் பண்பாட்டில் தங்கள் தனித்தன்மை கரைந்துவிடுமோ என்ற அச்சமும் கூடவே வந்தது. பணம், அச்சம் இரண்டும் இருந்ததால்தான் அன்றைய முயற்சி நிலைத்தது என்பது என் கணிப்பு.

விழாவைத் தன்னார்வலர் குழு நடத்துகிறது. நிகழ்ச்சிகள் லெர்விக்கோடு நிற்பதில்லை. சுற்றுத் தீவுகளின் ஊர் மண்டபங்களுக்கும் போகின்றன. வெளியூர்க் கலைஞர்கள் பலர் அபர்தீனிலிருந்து இரவுக் கப்பலில் வருகிறார்கள். கப்பல் கரை சேர்வதற்குள்ளேயே வாசிப்பு தொடங்கிவிடும். கடைசி இரவில் நடக்கும் 'ஃபோய்' நிகழ்ச்சியில் வந்திருந்த குழுக்கள் எல்லாம் வரிசையாக மேடை ஏறுகின்றன. மேடைக்கு வெளியே, நள்ளிரவு தாண்டியும் நடக்கும் கூட்டு வாசிப்புகளில்தான் இரு மரபுகளும் உண்மையில் பழகிக்கொள்கின்றன.

அந்தப் பழக்கத்தின் விளைவுகளைப் பிற மேடைகளிலும் காணலாம். அலி பெய்ன், சுவீடனின் ஆலே மொல்லரோடு 2002இல் ஓர் ஆல்பம் வெளியிட்டார். கிளாஸ்கோவின் 'கெல்டிக் கனெக்ஷன்ஸ்' விழாவில் உருவான 'ஸ்ட்ரிங் சிஸ்டர்ஸ்' குழுவில் கேட்ரியோனா மெக்டொனால்டு, நார்வேயின் ஆன்பியோர்க் லீன், சுவீடனின் எம்மா ஹர்டெலின், அயர்லாந்தின் மரேட் நி வீனி ஆகியோர் ஒன்றாக வாசித்தனர். நூறாண்டுக்கு முன் இவர்களின் மூதாதையர் ஒரே துறைமுகத்தில் சந்தித்திருக்கக்கூடும். ஒரே மேடையில் சந்தித்திருக்க முடியாது.

இந்தச் சந்திப்புக்கு ஒரு விலையும் உண்டு. கூட்டு வாசிப்பில் யார் வேண்டுமானாலும் நடுவில் சேர்ந்துகொள்ள மெட்டின் அளவு எல்லாருக்கும் தெரிந்ததாக இருக்க வேண்டும். எட்டெட்டு அடியாக ஓடும் ரீல்கள் அதற்கு ஏற்றவை. அடுத்த திருப்பம் எங்கே என்று அயர்லாந்துக்காரருக்கும் தெரியும், சுவீடன்காரருக்கும் தெரியும். மக்கிள் ரீல்களோ வாசிப்பவர் தாமே கற்றிருந்தாலொழியக் கைக்கு அடங்காது; அவற்றுக்குரிய ஆட்டமும் வழக்கொழிந்துவிட்டது. நார்வேயோடுள்ள உறவை மிகத் தெளிவாகக் காட்டக்கூடிய மெட்டுகளே அந்த உறவைக் கொண்டாடும் கூட்டங்களில் மிக அரிதாக ஒலிக்கின்றன. அவற்றைத் தேடுகிறவர்கள் டாம் ஆண்டர்சனும் எடின்பரோவின் ஸ்காட்டிய ஆய்வு மையத்தாரும் பதிந்து வைத்த ஒலிநாடாக்களைக் கேட்க வேண்டியிருக்கிறது.